பிஸ்மார்க்: ஒரு பெயர் போன இடங்கள்

1997 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு. பத்திரிகை அலுவலகத்தின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் இரவுப் பணியில் இருந்தேன். ஐக்கிய அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் செந்நதி பெருக்கெடுத்து, கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் நீரில் மூழ்கியிருந்த நாட்கள் அவை. செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பிய குறிப்பின் தலைப்பில் ‘பிஸ்மார்க்’ என்று மட்டும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு படித்தவன் என்ற மிதப்பு எனக்கு. சற்றும் தயங்காமல் ‘ஜேர்மனியின் பிஸ்மார்க் நகரிலிருந்து அறிவிக்கப்படுவதாவது’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுவாரம் வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். ‘பிஸ்மார்க் என்பது வட டகோட்டாவின் தலைநகர் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவனும் அறிவான்’ என்று எழுதியிருந்தார். திருத்தம் பிரசுரித்தோம். ஆசிரியர் என்னை அழைத்து எதுவும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த தேசப்படப் புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளிவைத்தார், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் உள்ள பெயர் அட்டவணையில்தான் முதன்முதலாகக் கண்டேன். பிஸ்மார்க் என்ற பெயரில் நகரங்கள், தீவுக்கூட்டம், கடல், மலைத்தொடர், தென்துருவத்தில் ஒரு நீரிணை என வரிசையாக இருந்தன. ஒரு ஜேர்மானியக் குடும்பப் பெயர் இவ்வளவு தூரம் எப்படிப் போனது என்ற கேள்வி அன்று தொடங்கியது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படித்துச் சேர்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. ஜேர்மனியிலும் அப்படி ஓர் ஊர் உண்டு. வடகிழக்கே அல்ட்மார்க் என்ற சமவெளிப் பிரதேசத்தில் பீஸ என்ற சிறு நதியை அண்டிய சின்னஞ்சிறு ஊர் அது. ஜேர்மன் எழுத்துக்கூட்டலில் அந்த ஊரின் பெயரில் ‘சி’ என்ற எழுத்து இல்லை. குடும்பத்தின் பெயரில் உண்டு. ஊரின் பெயர்தான் குடும்பத்துக்கு வந்தது. எல்லோரும் நினைப்பதுபோல் அந்த ஊர் பெரிய மனிதரால் பெயர் பெற்றதல்ல. உலகில் உள்ள பிஸ்மார்க்குகளில் அந்த மனிதருக்கு முந்தையது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். என் தவறுக்கு இதைச் சமாதானமாகச் சொல்ல முடியாது. அங்கே அந்த மாதம் வெள்ளம் வரவில்லை.

அந்தக் குடும்பத்தின் முதல் மூதாதையாக ஆவணங்களில் காணப்படுபவர் ஹேரேபோர்ட் வொன் பிஸ்மார்க். 1270 அளவில் அருகிலுள்ள ஷ்டெண்டால் நகரில் துணி வணிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பின்னாளில் ‘இரும்புச் சான்சிலர்’ என்று பெயரெடுத்தவரின் பரம்பரை, துணி வெட்டி விற்ற கடையில் தொடங்குகிறது. 1345 இல் குடும்பத்துக்கு பூர்க்ஸ்டால் என்ற இடத்தில் கோட்டையும் நிலமும் கிடைத்தன. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து, அதைச் சுற்றியிருந்த வேட்டைக் காட்டின்மீது ஆளும் ஹொஹென்சோலர்ன் வம்சத்தவருக்கு ஆசை வந்தது. 1562 இல் பிஸ்மார்க்குகள் அந்த நிலத்தைக் கொடுத்து, மாற்றாக எல்ப நதிக்கரையில் ஷோன்ஹவுசன் என்ற இடத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மனமுவந்த பண்டமாற்று அல்ல அது. அந்தக் கசப்பு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒட்டோ வொன் பிஸ்மார்க் பிறந்தது அந்த ஷோன்ஹவுசனில்தான், 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி. தம் முன்னோரின் காட்டை வாங்கிக்கொண்ட அதே ஹொஹென்சோலர்ன் வம்சத்தைச் சக்கரவர்த்திகளாக்கியவரும் அவரே.

அவருடைய அரசியல் வரலாற்றை இங்கே விரித்தால் வேறு கட்டுரையாகிவிடும். 1862 இல் பிரஷ்யாவின் பிரதமரானார். 1864 இல் டென்மார்க்குடனும், 1866 இல் ஒஸ்திரியாவுடனும், 1870-71 இல் பிரான்சுடனும் போர் நடத்தினார். சிதறிக் கிடந்த ஜேர்மன் அரசுகளை ஒரே பேரரசாக்கினார். உழைப்பாளர்களுக்கு நோய்க் காப்புறுதி (1883), விபத்துக் காப்புறுதி (1884), முதுமைக் காப்புறுதி (1889) ஆகியவற்றைச் சட்டமாக்கியவரும், அதே உழைப்பாளரின் கட்சியை 1878 இன் சட்டத்தால் ஒடுக்கியவரும் அவர்தான். கத்தோலிக்கரோடு மோதினார். 1885 முதல் ஆயிரக்கணக்கான போலந்து மக்களையும் யூதர்களையும் பிரஷ்யாவிலிருந்து வெளியேற்றினார். 1890 இல் இளம் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் அவரை வீட்டுக்கு அனுப்பினார். 1898 இல் ஃபிரீட்ரிஷ்ஸ்ரூவில் காலமானார். மறைந்த பின் ஜேர்மனியெங்கும் குன்றுகளின்மேல் அவர் நினைவாகக் கற்கோபுரங்கள் எழுந்தன. ஏறத்தாழ 240 கோபுரங்கள் கட்டப்பட்டன. ஒரு சாயத்துக்கு ‘பிஸ்மார்க் கபிலம்’ என்று பெயர் வைத்தார்கள். 1863 இல் கார்ல் மார்ட்டியஸ் என்ற இரசாயனவியலாளர் கண்டுபிடித்த அந்தச் சாயம், பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையில் கலங்களுக்கு நிறமூட்டும் கரைசலில் ஒரு கூறாக இன்றளவும் இருக்கிறது. காடியில் ஊறவைத்த மீனுக்கும் அவர் பெயரே.

ஆனால் கடல் கடந்து அவருடைய பெயர் போன கதைதான் எனக்குச் சுவையானது.

மிசூரி நதியின் கரையில் 1872 இல் ஒரு குடியேற்றம் தோன்றியது. வட பசுபிக் புகையிரதப் பாதை அந்த நதியைக் கடக்க வேண்டிய இடம் அது. பாதையின் பொறியியலாளர் எட்வின் ஜோன்சனின் பெயரால் எட்வின்டன் என்று அழைத்தார்கள். மறுவருடமே, 1873 இல், பெயர் பிஸ்மார்க் என்று மாற்றப்பட்டது. காரணம் மதிப்போ பக்தியோ அல்ல, பணம். பிரான்சை வென்று கைநிறைய நட்டஈடு வாங்கியிருந்த நாடு ஜேர்மனி. அங்குள்ளோர் புகையிரத நிறுவனத்தின் கடன் பத்திரங்களை வாங்க வேண்டும், ஜேர்மன் விவசாயிகள் வந்து குடியேற வேண்டும் என்பதே எண்ணம். அதே ஆண்டு செப்டெம்பரில் அந்தப் பாதைக்கு நிதி திரட்டிய ஜே குக் என்பவரின் வங்கி முறிந்து, அமெரிக்காவையே பொருளாதார மந்தத்தில் தள்ளியது. தண்டவாளம் பிஸ்மார்க் நகரோடு நின்றது. நதியின் மேல் பாலம் வருவதற்கு 1882 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாதை நின்ற இடம் என்பதாலேயே அந்த ஊர் முக்கியம் பெற்றது. நதிக்கு மறுகரையில் ஏப்ரகாம் லிங்கன் கோட்டை. அங்கிருந்துதான் 1874 இல் கஸ்டர் என்ற படைத்தலைவன் கருங்குன்றுகளுக்குப் படையோடு போய், அங்கே தங்கம் இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தான். 1868 இன் உடன்படிக்கைப்படி அந்தக் குன்றுகள் லக்கோட்டா மக்களுக்குரியவை. தங்கம் என்ற சொல்லுக்கு முன் உடன்படிக்கை என்ன செய்யும்? 1876 இல் போர் மூண்டது.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ‘பிஸ்மார்க் ட்ரிபியூன்’ என்ற பத்திரிகை 1873 இல் தொடங்கப்பட்டது. அதன் ஆசிரியர் கிளெமென்ட் லவுன்ஸ்பெரி கஸ்டரின் படையுடன் செல்வதாக இருந்தார். மனைவி நோயுற்றதால் தமக்குப் பதிலாக மார்க் கெலோக் என்பவரை அனுப்பினார். தந்தி அனுப்புவதையும் செய்தி எழுதுவதையும் பிழைப்பாகக் கொண்டு, மனைவியை இழந்து, இரண்டு பெண் பிள்ளைகளை உறவினரிடம் விட்டிருந்த மனிதர் கெலோக். கோவேறு கழுதை ஒன்றில் ஏறிப் படையோடு போனார். ஜூன் 25 ஆம் திகதி லிட்டில் பிக்ஹோர்ன் நதிக்கரையில் கஸ்டரோடும் இருநூறுக்கும் மேற்பட்ட படையினரோடும் அவரும் மடிந்தார். காயமுற்றோரை ஏற்றிக்கொண்டு ‘ஃபார் வெஸ்ட்’ என்ற நீராவிப் படகு 700 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை 54 மணித்தியாலங்களில் கடந்து ஜூலை 5 இரவு பிஸ்மார்க் துறையை அடைந்தது. தந்திப் பொறி ஓயவில்லை. மறுநாள் ‘ட்ரிபியூன்’ சிறப்பிதழ் வெளிவந்தது. தனது சொந்த நிருபரின் சாவையும் அது அறிவித்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பிவந்தோரில் கடமையில் இறந்த முதல்வர் என்று கெலோக் இன்று நினைவுகூரப்படுகிறார். எத்தனையோ நிருபர்களைக் களத்தில் இழந்த நாட்டிலிருந்து எழுதும் எனக்கு, அந்தக் கழுதையும் அதன்மேல் சென்றவரும் அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. கழுதை என்னவாயிற்று என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

1883 செப்டெம்பரில் பிஸ்மார்க் நகரில் சட்டமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். புகையிரத நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஹென்றி வில்லார்ட், ஜேர்மனியில் ஹைன்ரிஷ் ஹில்கார்ட் என்ற பெயரில் பிறந்தவர். அவரும் முன்னாள் பத்திரிகையாளரே. ஜேர்மன் விருந்தினர் கூட்டத்தோடு வந்திருந்தார். முன்னாள் ஜனாதிபதி கிராண்ட் வந்திருந்தார். லக்கோட்டா மக்களின் தலைவர் சிற்றிங் புல்லும் அழைத்து வரப்பட்டிருந்தார். தோற்ற இனத்தின் தலைவரை வென்றவர்களின் விழாவில் காட்சிக்கு நிறுத்தும் வழக்கம் அந்த நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பாதை சென்ற நிலம் அவர் மக்களின் நிலம். பெயர் பெர்லினில் இருந்த ஒருவரின் பெயர். விழாவுக்குப் பணம் நியூயோர்க்கிலிருந்து வந்தது.

அதன் தொடர்ச்சியை நாம் வாழும் காலத்திலும் பார்த்தோம். 2016 இல் டகோட்டா அக்சஸ் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக ஸ்டாண்டிங் ரொக் பழங்குடியினர் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்தக் குழாய்க்கு முதலில் ஆராயப்பட்ட பாதைகளில் ஒன்று பிஸ்மார்க் நகருக்கு வடக்கே மிசூரி நதியைக் கடப்பது. அது கைவிடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் நகரின் குடிநீர் ஆதாரங்களுக்கு அருகில் அமைவதும் ஒன்று. குழாய் தெற்கே ஸ்டாண்டிங் ரொக் ஒதுக்ககத்தின் எல்லையை ஒட்டிப் போனது. அங்குள்ளோரும் அதே நதியின் நீரைத்தான் குடிக்கிறார்கள்.

இனிப் பசுபிக் சமுத்திரம். பிஸ்மார்க் குடியேற்ற நாடுகளில் பெரிதும் நாட்டமில்லாதவர். 1888 இல், ஆபிரிக்காவைப் பற்றிப் பேச வந்த ஒய்கன் வொல்ஃப் என்ற பயணியிடம், ஒருபக்கம் ரஷ்யாவும் மறுபக்கம் பிரான்சும் இருக்க நடுவில் ஜேர்மனி இருப்பதே தம்முடைய ஆபிரிக்க வரைபடம் என்ற கருத்துப்படக் கூறினார் என்பது பிரசித்தம். எனினும் 1884 இல், தேர்தலும் வணிகர்களின் நெருக்குதலும் கூடிய வேளையில், அவரே ஆபிரிக்காவிலும் பசுபிக்கிலும் கொடியேற்ற அனுமதித்தார். ஆபிரிக்காவைப் பங்கிட்ட மாநாடு 1884 நவம்பரில் அவருடைய பெர்லின் மாளிகையில்தான் கூடியது. அதே நவம்பரில் நியூகினியின் வடகிழக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளும் ஜேர்மனியின் உடைமையாயின. நியூ பிரிட்டன் தீவு ‘நொய்பொமெர்ன்’ ஆனது. நியூ அயர்லாந்து ‘நொய்மெக்லன்பூர்க்’ ஆனது. எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராக பிஸ்மார்க் தீவுக்கூட்டம் என்றும், அவை சூழ்ந்த நீர்ப்பரப்புக்கு பிஸ்மார்க் கடல் என்றும் பெயராயிற்று.

அந்தத் தீவுகளில் மனிதர் வாழத் தொடங்கிப் பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நியூ பிரிட்டனின் எரிமலைக் கண்ணாடிக் கல் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே கடல்வழியாக நியூ அயர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. அங்கே கிடைத்த புள்ளிக்கோல மட்பாண்டங்கள் ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் பழமையானவை. லப்பிட்டா என்று சொல்லப்படும் அந்தப் பண்பாட்டினர்தான் அங்கிருந்து கிழக்கே படகோட்டிச் சென்று தொங்கா, சமோவா வரை பரவினார்கள். பொலினீசியர்களின் மூதாதையர் அவர்கள். மனித வரலாற்றின் மாபெரும் கடற்பயணங்களுள் ஒன்று தொடங்கிய இடத்தை, இன்று உலகெங்கும் உள்ள தொல்லியலாளர்கள் தங்கள் ஆய்வேடுகளில் ‘பிஸ்மார்க்’ என்றே குறிக்கிறார்கள். அதன் கரையைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவரின் பெயர் அது.

மலைத்தொடருக்குப் பெயர் வந்த கதையில் மறுபடியும் ஒரு பத்திரிகையாளர். ஹூகோ ஸோலர் என்பவர் கொலோன் நகரின் ‘கோல்னிஷ சைட்டுங்’ பத்திரிகையின் நிருபர். 1888 இல் நியூகினியின் ஃபினிஸ்டேர் மலையில் ஏறிநின்று தொலைவில் நீண்டு கிடந்த மலைத்தொடரைப் பார்த்தார். அதற்கு பிஸ்மார்க் தொடர் என்று பெயரிட்டார். அத்தோடு நிற்கவில்லை. தெரிந்த நான்கு சிகரங்களுக்கும் ஒட்டோ, ஹேர்பேர்ட், மரீ, வில்ஹெல்ம் என்று சான்சிலரின் குடும்பத்துப் பெயர்களையே வரிசையாகச் சூட்டினார். ஹேர்பேர்ட் மூத்த மகன், வெளியுறவுச் செயலாளர்; மரீ மகள்; வில்ஹெல்ம் இளையவர், வீட்டில் ‘பில்’ என்று செல்லப் பெயர். ஸோலரின் கண்ணுக்கு ஒட்டோ சிகரமே யாவற்றிலும் உயரமாகத் தெரிந்தது. பின்னர் அளந்து பார்த்தபோது வில்ஹெல்ம்தான் உயரம் என்று தெரிந்தது: 4,509 மீற்றர், பப்புவா நியூகினியின் ஆகவுயர்ந்த சிகரம். தந்தையின் நிழலில் வாழ்ந்து 1901 இல் மறைந்த, வரலாறு அதிகம் பேசாத அந்த இளைய மகன், ஒரு நிருபரின் கணிப்புத் தவறால் தந்தையை விட உயர்ந்து நிற்கிறார். என் தவறுக்கு ஒரு வாரத்தில் திருத்தம் வந்துவிட்டது. ஸோலருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு பெயரை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள், அறியாமலே. பெரிய விடுதிகளின் முற்றங்களில் வெள்ளிநிற ஓலையோடு, பனையைப் போலவே விசிறி விரித்து நிற்கும் ஓர் அலங்கார மரம் உண்டு. கொழும்பில் அதை முதன்முறை பார்த்தபோது, யாரோ பனைக்கு வெள்ளி முலாம் பூசிவிட்டார்கள் என்று நினைத்தேன். மடகஸ்கார் தீவின் மரம் அது. ஹில்டெப்ராண்ட், வென்ட்லண்ட் என்ற இரு ஜேர்மன் தாவரவியலாளர்கள் 1881 இல் அதற்குச் சூட்டிய பெயர் ‘பிஸ்மார்க்கியா நோபிலிஸ்’. நமது பனையும் அதுவும் தாவரவியலில் ஒரே கிளையைச் சேர்ந்த உறவினர். பனையைப் போலவே அதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மடகஸ்கார் மக்கள் அந்த ஓலையால் வீடு வேய்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவனை அங்கே கொண்டுபோய் விட்டால் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியிராது.

1914 இல் உலக மகாயுத்தம் தொடங்கியதும் பெயர்களின் கதை திசை மாறியது. செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் படை ரபாவுலைக் கைப்பற்றியது. நொய்பொமெர்ன் மறுபடி நியூ பிரிட்டன் ஆனது. நொய்மெக்லன்பூர்க் மறுபடி நியூ அயர்லாந்து ஆனது. ஆனால் தீவுக்கூட்டத்தின் பொதுப் பெயரை எவரும் மாற்றவில்லை. அதே அவுஸ்திரேலியர்கள் தங்கள் வீட்டுக்குள் சும்மா இருக்கவில்லை. தஸ்மேனியாவில் டேனியரும் ஜேர்மானியரும் குடியேறி வாழ்ந்த பிஸ்மார்க் என்ற கிராமம், போர்க்காலத்தில் கொலின்ஸ்வேல் ஆக்கப்பட்டது. தென் அவுஸ்திரேலியாவில் 1917 இல் தனியாகச் சட்டமே இயற்றி 69 ஜேர்மன் ஊர்ப்பெயர்களை அழித்தார்கள். கனடாவில் பெர்லின் நகரம் 1916 இல் கிச்சினர் ஆனது. மேல் சைலீசியாவில் ஓர் இரும்பாலையைச் சுற்றி 1872 முதல் வளர்ந்த பிஸ்மார்க்ஹுட்ட என்ற ஊர், போருக்குப் பின் போலந்திடம் போனது. போலந்து மக்களை வெளியேற்றியவரின் பெயரை அவர்கள் வைத்திருப்பார்களா? ஆலைக்கு ஸ்டெஃபான் பத்தோரி என்ற தங்கள் மன்னனின் பெயரைச் சூட்டினார்கள். கோஷூவ் நகரின் அந்தப் பகுதி இன்றும் பத்தோரிதான். தங்கன்யிக்கா ஏரிக்கரையின் பிஸ்மார்க்பூர்க் இப்போது கசங்கா. வட டகோட்டாவின் பிஸ்மார்க் மட்டும் அசையவில்லை. அந்த மாநிலத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த ஜேர்மானியக் குடும்பங்கள் ஏராளம். தவிர, ஒரு தலைநகரின் பெயரை மாற்றுவது ஒரு கிராமத்தின் பெயரை மாற்றுவது போன்றதல்ல.

கப்பல்களின் கதை இன்னொரு வகை. 1914 ஜூனில் ஹம்பர்க்கில் ‘பிஸ்மார்க்’ என்ற மாபெரும் பயணிகள் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. போர் முடிந்ததும் நட்டஈடாகப் பிரித்தானியாவிடம் கைமாறி ‘மஜெஸ்டிக்’ என்று பெயர் மாறி ஓடியது. அக்காலத்தில் உலகின் ஆகப்பெரிய கப்பல் அது. அடுத்த ‘பிஸ்மார்க்’ எல்லோரும் அறிந்த போர்க்கப்பல். அதுவும் ஹம்பர்க்கில், 1939 பெப்ரவரி 14 இல், ஹிட்லரின் முன்னிலையில் இறங்கியது. பெயர் சூட்டியவர் சான்சிலரின் பேத்தி. கப்பலின் பெயர் ஊர்ப்பேச்சில் புகுவது தமிழுக்குப் புதிதல்ல. 1914 இல் சென்னைமீது குண்டு வீசிய ‘எம்டன்’ என்ற ஜேர்மன் கப்பலால், எமகாதகனான ஆளை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே வந்ததை மூத்தோர் அறிவர். எம்டன் வடகடலோரம் இருக்கும் ஒரு சாதுவான துறைமுக ஊர். பிஸ்மார்க்குக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

1941 மே 24 ஆம் திகதி பிஸ்மார்க் கப்பல் ‘ஹூட்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. 1,400 க்கும் மேற்பட்டோர் இறந்தனர், தப்பியவர் மூவர். மூன்று நாட்கள் வேட்டை. துணி போர்த்திய சிறகுகள் கொண்ட பழைய ‘ஸ்வோர்ட்ஃபிஷ்’ விமானம் ஒன்றின் டோர்பீடோ சுக்கானைப் பழுதாக்கியது. 27 ஆம் திகதி காலை பிஸ்மார்க் அத்திலாந்திக்கில் மூழ்கியது. 2,200 க்கும் மேற்பட்டோர் இருந்த கப்பலில் மீட்கப்பட்டோர் 115 பேர். அவர்களில் 85 பேரை ‘டோர்செட்ஷயர்’ என்ற பிரித்தானியக் கப்பல் தூக்கியது. நீர்மூழ்கிக் கப்பல் வருகிறது என்ற அச்சத்தில் நூற்றுக்கணக்கானோரை நீரிலேயே விட்டுவிட்டு அது விலகிச் சென்றது. மிதந்துகொண்டிருந்தவர்களில் இருவரைப் பின்னர் ஒரு ஜேர்மன் வானிலைக் கப்பல் கண்டெடுத்தது. அந்தக் கப்பலின் பெயர் ‘சக்சன்வல்ட்’. 1871 இல் சக்கரவர்த்தி பிஸ்மார்க்குக்குப் பரிசாகக் கொடுத்த காட்டின் பெயர் அது. அந்தக் காட்டோரம்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

டோர்செட்ஷயருக்கு என்ன நேர்ந்தது என்பது நமது கடலின் வரலாறு. பிஸ்மார்க்குக்குக் கடைசி டோர்பீடோக்களைச் செலுத்திய அந்தக் கப்பல், 1942 ஏப்ரலில் கொழும்புத் துறைமுகத்தில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கடற்படை நெருங்குகிறது என்ற செய்தி கிட்டியதும், வேலையை அரைகுறையில் நிறுத்தி ஏப்ரல் 4 இரவு புறப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பில் குண்டுகள் விழுந்தன. பிற்பகலில் இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செட்ஷயரையும் ‘கோர்ன்வோல்’ என்ற துணைக் கப்பலையும் ஜப்பானிய விமானங்கள் கண்டுபிடித்தன. இரண்டும் அரை மணித்தியாலத்துக்குள் மூழ்கின. 424 பேர் இறந்தனர். 1,122 பேர் ஏறத்தாழ முப்பது மணித்தியாலங்கள் வெயிலிலும் எண்ணெயிலும் மிதந்து மீட்கப்பட்டனர். நான்கு நாட்களின் பின் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ மூழ்கிய கதை நம்மவர்க்கு நன்கு தெரியும். இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மறுவருடம், ஜேர்மனியின் நட்பு நாடான ஜப்பானுக்கு அந்தப் பெயர் கொண்ட கடலிலேயே அடி விழுந்தது. 1943 மார்ச் 2 முதல் 4 வரை, ரபாவுலிலிருந்து லாய் நோக்கி 6,900 படையினரை ஏற்றிச் சென்ற எட்டுப் போக்குவரத்துக் கப்பல்களையும், காவல் சென்ற எட்டு நாசகாரிகளில் நான்கையும் அமெரிக்க, அவுஸ்திரேலிய விமானங்கள் அழித்தன. கிட்டத்தட்ட 2,900 ஜப்பானியர் இறந்தனர். லாய் போய்ச் சேர்ந்தோர் 1,200 பேர் மட்டுமே. தெப்பங்களிலும் படகுகளிலும் மிதந்தவர்கள்மீதும் நாட்கணக்கில் சுட்டார்கள். கரையேறினால் மறுபடி போரிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். சுட்ட விமானிகளில் சிலருக்கே அது ஒவ்வவில்லை. ‘பிஸ்மார்க் கடற்சமர்’ என்று இராணுவ வரலாறுகளில் பெரும் வெற்றியாகப் பதியப்பட்டிருக்கிறது.

பெயரைச் சுமந்த மனிதர்களுக்கு வருகிறேன். ஹேர்பேர்ட்டின் மகன் ஒட்டோ, மூன்றாவது இளவரசர், போர்க்காலத்தில் ரோமிலிருந்த ஜேர்மன் தூதரகத்தில் பணிபுரிந்தார். இத்தாலியப் படையின் பிடியிலிருந்த குரோஷிய யூதர்களை ஒப்படைக்குமாறு கேட்கும் பெர்லினின் கோரிக்கையை 1942 ஆகஸ்டில் இத்தாலியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவரே. அதன் பொருள் அந்த மக்களின் அழிவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. எச்சரித்தாரா, வெறுமனே செய்தி சொன்னாரா? இரண்டுமாகவும் இருக்கலாம். போருக்குப் பின் 1953 முதல் 1965 வரை மேற்கு ஜேர்மன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அவருடைய தம்பி கொட்ஃபிரீட், நாசிக் கட்சியில் சேர்ந்து, எஸ்.எஸ். அதிகாரியாகி, பொட்ஸ்டாமில் அரச நிர்வாகியாக உயர்ந்தவர். பின்னர் ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20 இல் முயன்றவர்களோடு தொடர்புபட்டு கைதானார். அந்தச் சதியில் சிக்கியோர் பலர் தூக்கில் தொங்கியபோது, மக்கள் நீதிமன்றம் ஒக்டோபரில் இவரை விடுவித்தது. ஒரு பிஸ்மார்க்கைத் தூக்கிலிட ஆட்சி விரும்பவில்லை என்பதே பலரின் கருத்து. என் எண்ணமும் அதுவே. ஆயினும் வெளியே விடவில்லை, வதைமுகாமில் வைத்திருந்தார்கள். போருக்குப் பின் 1949 இல் வீதி விபத்தில் இறந்தார்.

எனக்குப் பிடித்தவர் கிளவுஸ் வொன் பிஸ்மார்க். பரந்த குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர். 1912 இல் பிறந்தவர். போரில் படை அதிகாரியாக இருந்தவர். அவர் குடும்பத்தின் நிலபுலம் பொமெரேனியாவில் இருந்தது. 1945 இல் அது போலந்தின் வசமாயிற்று. இழந்த நிலத்தை மீட்போம் என்று இடம்பெயர்ந்தோர் சங்கங்கள் மேற்கு ஜேர்மனியில் முழங்கிய காலத்தில், 1954 இல் லைப்சிக் நகரில் கூடிய திருச்சபை மாநாட்டில், அந்த நிலத்துக்கான உரிமையைத் தாம் கோரப்போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். சொந்த மக்களிடையே துரோகி என்று பெயர் வாங்கினார். இழந்த காணியின் உறுதியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் சமூகத்தில் பிறந்தவன் நான். அது எவ்வளவு பெரிய சொல் என்பதும், எல்லோரிடமும் எதிர்பார்க்கக்கூடாத சொல் என்பதும் எனக்கு விளங்குகிறது. பறித்த நாட்டின் அதிகாரி ஒருவர் அதைச் சொன்னதும், பறிகொடுத்தவர் சொல்வதும் ஒன்றல்ல. 1961 முதல் 1976 வரை மேற்கு ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவராகவும், பின் 1989 வரை கெத்தே நிறுவனத்தின் தலைவராகவும் இருந்து, 1997 இல் மறைந்தார். நான் பிஸ்மார்க் நகரை ஜேர்மனிக்கு மாற்றிய அதே வருடம்.

2022 இன் இறுதியில் பெர்லினில் ஜேர்மன் வெளியுறவு அமைச்சு, தன் கட்டடத்திலிருந்த பிஸ்மார்க் அறையின் பெயரை ‘ஜேர்மன் ஐக்கிய மண்டபம்’ என்று மாற்றியது. அந்த அமைச்சை நிறுவியவரே பிஸ்மார்க்தான் என்று எதிர்ப்புக் கிளம்பியது. பத்திரிகைகளில் சில வாரங்கள் சச்சரவு நடந்தது. ஹம்பர்க்கில் 1906 இல் எழுப்பப்பட்ட 34 மீற்றர் உயரக் கற்சிலையை என்ன செய்வது என்றும் நெடுநாள் விவாதித்தார்கள். பப்புவா நியூகினி 1975 செப்டெம்பர் 16 இல் சுதந்திரமடைந்தது. தீவுக்கூட்டத்தின் பெயரையோ கடலின் பெயரையோ அது மாற்றவில்லை. வில்ஹெல்ம் சிகரத்தின் அடிவாரத்தில் வாழும் குமான் மொழி பேசும் மக்கள் அதை முன்போலவே எண்டுவா கொம்புக்லு என்று அழைக்கிறார்கள்.